முப்பரிமாணச் சமநிலைக் கணக்கு: வெக்டரா, அச்சா, கோடா, கம்ப்யூட்டரா?

ஸ்டாட்டிக்ஸில், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் விசைக் கணக்கில், முப்பரிமாணம் வந்துவிட்டால் பெரும்பாலான மாணவர்கள் படத்தைக்கூட சரியாகப் பார்ப்பதில்லை. நேரே ஐ, ஜே, கே என்று மூன்று அச்சுத் திசைகளைப் போட்டு அணிக்கோவையை விரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் எந்தக் கீல் ஏன் அவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. வெக்டர் முறை மோசமில்லை. எல்லாக் கணக்குக்கும் அது ஒன்றுதான் வழி என்று நினைப்பதுதான் சிக்கல். கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது என்பதை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கணக்கு இது. கடை வாசலில் வெயில் மறைக்கச் சுவரில் கீல் வைத்துப் படுக்கையாக நிறுத்திய ஒரு பலகை. இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்தது. சுவர் ஓரமாக 3 மீட்டர் நீளம், சுவரிலிருந்து வெளியே 2 மீட்டர் அகலம், எடை 900 நியூட்டன். சுவர் ஓரத்தின் இரு முனைகளிலும் ஏ, பி என்று இரண்டு கீல்கள். பி-க்கு நேர் எதிரே வெளியில் இருக்கும் மூலை சி. அந்த சி-யிலிருந்து சுவரில் உள்ள ஒரு கொக்கிக்குக் கம்பி வடம் போகிறது. அச்சுகளை இப்படி வைப்போம்: எக்ஸ் சுவரிலிருந்து வெளியே, ஒய் சுவரோடு ஏ-யிலிருந்து பி-யை நோக்கி, இசட் மேலே. ஆகவே ஏ (0, 0, 0), பி (0, 3, 0), சி (2, 3, 0), கொக்கி (0, 2, 2), எடை இறங்கும் மையம் (1, 1.5, 0).

சுவரோடு ஒட்டிய திசையில் தள்ளலை ஏ கீல் மட்டும் தாங்குகிறது, பி அந்தத் திசையில் நழுவ விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தெரியாதவை ஆறு: ஏ-யில் மூன்று, பி-யில் இரண்டு, வடத்தின் இழுவிசை ஒன்று. சமன்பாடுகளும் ஆறு. இரண்டு கீலும் தாங்கும் என்றால் தெரியாதவை ஏழாகிவிடும். அந்தத் திசையில் இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு என்பது ஸ்டாட்டிக்ஸுக்குள் வராது. எந்த முறையை எடுத்தாலும் இந்த எண்ணிக்கையை முதலில் பார்த்துவிட வேண்டும். ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது பொருளைத் தனியாக எடுத்து அதன் மேல் படும் விசைகளை எல்லாம் குறிக்கும் படம், போடும்போதே பார்த்துவிடலாம்.

வெக்டர் வழி

வடத்தின் திசை சி-யிலிருந்து கொக்கிக்கு (-2, -1, 2). அதன் நீளம் சரியாக 3. ஆகவே இழுவிசையை டி என்றால், அதன் கூறுகள் டி-யின் -2/3, -1/3, 2/3 பங்கு. ஏ-யைச் சுற்றி மொமெண்ட் (விசையின் சுழற்றும் திறன்) எடுத்தால் ஏ-யின் மூன்று விசைகளும் விழுந்துவிடும். மீதி மூன்று உறுப்புகளுக்கு வெக்டர் பெருக்கல் போட வேண்டும்.

வடம் தருவது டி-யின் (2, -4/3, 4/3) மடங்கு. எடை தருவது (-1350, 900, 0). பி கீல் தருவது: எக்ஸ் சுற்றில் (எக்ஸ் அச்சைச் சுற்றி) அதன் செங்குத்து விசையின் 3 மடங்கு, இசட் சுற்றில் அதன் வெளிநோக்கிய விசையின் -3 மடங்கு. ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையையும் பூஜ்யமாக்கினால் ஒய் சுற்றிலிருந்து டி = 675 நியூட்டன். இசட் சுற்றிலிருந்து பி-யின் வெளிநோக்கிய விசை 300. எக்ஸ் சுற்றிலிருந்து பி-யின் செங்குத்து விசை பூஜ்யம். அப்புறம் விசைகளைக் கூட்டினால் ஏ-யில் 150, 225, 450.

இந்த வழியின் பலம், யோசிக்கவே வேண்டாம் என்பதுதான். புள்ளிகளின் ஆயத்தொலைவுகள் சரியாக இருந்தால் போதும். வடம் எந்தக் கோணலில் போனாலும், கம்பம் எப்படிச் சாய்ந்திருந்தாலும் பெருக்கல் அதே பெருக்கல். செங்குத்துத் தூரத்தைப் படத்தில் தேட வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் குறியும் தானாக வரும், வலமா இடமா என்று கையைத் திருகிப் பார்க்க வேண்டாம்.

பலவீனம் அணிக்கோவையின் நடு உறுப்பில் இருக்கிறது. அதன் முன்னால் வரும் கழித்தல் குறியை விட்டுவிட்டுக் கணக்கையே கவிழ்த்தவர்கள் ஏராளம். இதற்கு ஒரு நல்ல காப்பு உண்டு. விசையை அதன் கோட்டிலேயே எங்கே நகர்த்தினாலும் மொமெண்ட் மாறாது. ஆகவே வடத்தின் மொமெண்டை ஒரு தடவை சி-யை வைத்தும், இன்னொரு தடவை கொக்கியை வைத்தும் போடுங்கள். கொக்கிக்கு எக்ஸ் மதிப்பு பூஜ்யம் என்பதால் இரண்டாவது பெருக்கல் இன்னும் சுருக்கம். இரண்டிலும் (2, -4/3, 4/3) வந்தால் திசையும் சரி, பெருக்கலும் சரி. அரை நிமிட வேலை.

மொமெண்ட் சமன்பாடுகளில் மூன்று தெரியாதவை மட்டும் மிஞ்சியதையும் கவனியுங்கள். கேசியோ 991 வகைக் கால்குலேட்டரில் மூன்று மாறிகளுக்கான சமன்பாட்டு வசதி இருக்கிறது. இரண்டு மூன்று வடங்கள் கலந்து வரும் கணக்கில் அதில் தட்டிவிடலாம். அதற்காகவே, அதிகமான தெரியாத விசைகள் சேரும் புள்ளியைச் சுற்றி மொமெண்ட் எடுக்க வேண்டும். எந்தப் பக்கமும் திரும்ப விட்டு, மூன்று திசையிலும் விசை தாங்கும் பந்துக்கிண்ண மூட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

அச்சு அச்சாக, அல்லது மூன்று பக்கப் பார்வையாக

வெக்டர் குறியீடு பாடப்புத்தகங்களுக்குள் வருவதற்கு முன்னால் எல்லாரும் போட்ட வழி இது. இரட்டை விசைகளை (சம அளவில், இணையாக, எதிரெதிராக நின்று சுழற்றும் விசை ஜோடிகளை) பற்றிய தெளிவான கோட்பாட்டை லூயி புவான்சோ 1803-இல் தந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் கிப்ஸ் தன் வெக்டர் குறிப்புகளை மாணவர்களுக்காக அச்சிடத் தொடங்கியது 1881-இல். இடைப்பட்ட காலத்திலும் பாலங்களும் பாரந்தூக்கிகளும் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. விசையை மூன்று கூறாக உடைத்து, ஒவ்வோர் அச்சையும் சுற்றி, கூறு பெருக்கல் செங்குத்துத் தூரம் என்று போட்டுவிடுவார்கள்.

நம் பலகையைப் பக்கவாட்டிலிருந்து, அதாவது ஒய் அச்சு வழியாகப் பார்த்தால் இரண்டு கீலும் ஒரே புள்ளியாகத் தெரியும். பலகை 2 மீட்டர் கோடு. நடுவில் 900 நியூட்டன், நுனியில் வடத்தின் மேல்நோக்கிய கூறு. 900 × 1 = 2/3 டி × 2. டி = 675. ஒரே வரி. மேலிருந்து பார்க்கும் படம் பி-யின் 300-ஐத் தரும். முன்னாலிருந்து பார்க்கும் படம் செங்குத்துக் கணக்கை முடிக்கும்.

மூன்று படங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சமன்பாடுகள் என்றால் ஒன்பது வருமே என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொரு விசைக்கூட்டலும் இரண்டு படங்களில் திரும்ப வருகிறது. தனித்தன்மை உள்ளவை ஆறுதான்.

இந்த வழியில் சறுக்கும் இடம் குறி. எக்ஸை வலப்பக்கமும் இசட்டை மேலேயும் வைத்து வரைந்தால் நாம் பார்ப்பது ஒய் அச்சின் எதிர்ப்பக்கத்திலிருந்து. அந்தப் படத்தில் இடஞ்சுழியாகத் தெரிவது ஒய்-யைச் சுற்றிய மொமெண்ட்டுக்குக் கழித்தல் குறி. ஒரே படத்துக்குள் நின்றால் இது எதையும் கெடுக்காது. ஒரு படத்தில் கிடைத்த மொமெண்டை எடுத்து வெக்டர் சமன்பாட்டில் போடும்போதுதான் வம்பு.

இது உண்மையில் ஜொலிப்பது ஷாஃப்ட் கணக்கில். இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 600 மில்லிமீட்டர். இடது பேரிங்கிலிருந்து 200 மில்லிமீட்டரில் ஒரு பல்சக்கரம். அதன் தொடுகோட்டு விசை படுக்கையாக 3000 நியூட்டன். அழுத்தக் கோணம் (பல் தள்ளும் திசை தொடுகோட்டிலிருந்து சாயும் கோணம்) 20 பாகை என்றால் ஆர விசை செங்குத்தாக சுமார் 1092. படுக்கைத் தளத்தில் இடது பேரிங் 2000, வலது 1000. செங்குத்துத் தளத்தில் 728, 364. சேர்த்தால் இடது 2128, வலது 1064. இதற்கு வெக்டர் பெருக்கல் போடுவது வீண் வேலை. அதோடு, அடுத்து வளைவு மொமெண்ட் வரைபடம் வரையும்போது இந்த இரண்டு தளங்களும் எப்படியும் தனித்தனியாகத் தேவைப்படும். மெஷின் டிசைன் பக்கம் போகிறவர்கள் இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. விசைகள் எல்லாம் அச்சுகளுக்கு இணையாக இருக்கும் கணக்குக்கு இதுதான் முதல் தேர்வு. கோணல் வடம் இரண்டுக்கு மேல் வந்தால் விட்டுவிடுங்கள்.

கோட்டைத் தேடுவது

எனக்கு மிகப் பிடித்த வழி இது, வகுப்பில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் இதுதான். மொமெண்டை ஒரு புள்ளியைச் சுற்றி எடுக்காமல், நமக்கு வேண்டிய கோட்டைச் சுற்றி எடுப்பது. ஒரு விசை அந்தக் கோட்டை வெட்டினாலோ அதற்கு இணையாக இருந்தாலோ அதன் பங்கு பூஜ்யம். ஆகவே, வேண்டாத விசைகள் எல்லாம் வெட்டிப் போகும்படி ஒரு கோட்டைப் பிடித்துவிட்டால், ஒரு சமன்பாட்டில் ஒரு தெரியாதது மட்டும் மிஞ்சும். கணக்கிடத் திசையிலி முப்பெருக்கல், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் பார்த்த அதே சரக்கு.

ஏ-பி கோட்டைச் சுற்றி எடுத்தால் கீல்களின் ஐந்து விசைகளும் காணாமல் போய் டி நேராக வரும். பக்கவாட்டுப் பார்வையில் நாம் பார்த்ததும் அதேதான், ஏனென்றால் இங்கே அந்தக் கோடு ஒய் அச்சாகவே அமைந்துவிட்டது. சுவாரசியம் அடுத்த கோட்டில்.

ஏ-சி மூலைவிட்டத்தைப் பாருங்கள். ஏ-யின் விசைகள் அந்தக் கோட்டில் ஒரு புள்ளியில். வடம் சி-யில், அதுவும் கோட்டின் மேல். எடை பலகையின் நடுவில், மூலைவிட்டம் நடுவைத் தாண்டித்தான் போகிறது. பி-யின் வெளிநோக்கிய விசை பலகையின் தளத்திலேயே கிடப்பதால் அதுவும் மூலைவிட்டக் கோட்டை வெட்டும். மிச்சம் இருப்பது பி-யின் செங்குத்து விசை ஒன்றுதான். அதை எதிர்க்க ஆளே இல்லை, ஆகவே அது பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும். பேனாவைத் தொடாமல் வந்த விடை. வெக்டர் வழியில் 1350-இலிருந்து 1350 கழிந்து பூஜ்யம் வந்தபோது அது எண்களின் தற்செயல் மாதிரி இருந்தது. இங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. கொக்கியை எங்கே மாற்றினாலும், வடம் சி-யில் கட்டியிருக்கும் வரை பி கீல் செங்குத்துச் சுமை தாங்காது.

இப்போது கடைக்காரர் நான்காவது மூலையில், அதாவது (2, 0, 0) என்ற இடத்தில், 200 நியூட்டன் எடையுள்ள விளக்குப் பெட்டி ஒன்றைத் தொங்கவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் பி. இரண்டும் மூலைவிட்டத்திலிருந்து சம தூரம். விளக்கு அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்தால் பி பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்க பி கீல் பலகையை 200 நியூட்டன் விசையோடு கீழே இழுக்க வேண்டும். அதாவது சுவரில் உள்ள கீலை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை அது. பாரம் தாங்கும் என்று நினைத்துக் கீழே முட்டு மட்டும் கொடுத்திருந்தால் கீல் கழன்றுவிடும். வடத்தின் இழுவிசை 975 ஆகிறது, ஏ கீலின் செங்குத்து விசை 650. இந்த எண்களை எந்த வழியிலும் எடுக்கலாம். கீல் திசை மாறப் போகிறது என்ற எச்சரிக்கையை முன்கூட்டித் தருவது கோட்டு வழி மட்டும்தான்.

இதற்கும் விலை உண்டு. நல்ல கோடு எப்போதும் கண்ணில் படாது, சில கணக்குகளில் இருக்கவும் இருக்காது. இன்னொன்று, விசைக்கூட்டலே வேண்டாம், ஆறு கோடுகளைச் சுற்றி ஆறு மொமெண்ட் சமன்பாடு போட்டுவிடலாம் என்று கிளம்பினால் கவனம் வேண்டும். ஆறு கோடுகளும் ஏ-பி கோட்டை வெட்டுபவையாக எடுத்துவிட்டால், ஏ-பி வழியாகவே செல்லும் தள்ளல் எந்தச் சமன்பாட்டிலும் வராது. ஏ-யின் 225-ஐக் கண்டுபிடிக்கவே முடியாமல் சுற்றிச் சுற்றி வருவோம். ஒரு நான்முகியின் ஆறு விளிம்புகளை எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. நடைமுறையில் இரண்டு மூன்று கோடுகளோடு நிறுத்திக்கொண்டு, மீதியை விசைக்கூட்டலுக்கு விடுவதே புத்திசாலித்தனம்.

கேட் (GATE) எனப்படும் பொறியியல் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்த வழி கூடுதலாக உதவும். 3 மணி நேரத்தில் 65 கேள்விகள், திரையில் இருக்கும் கால்குலேட்டர் மட்டும். அதில் வெக்டர் வசதியோ சமன்பாட்டு வசதியோ கிடையாது. கேள்வியும் பெரும்பாலும் ஒரு எண்ணைத்தான் கேட்கும். வடத்தின் இழுவிசை மட்டும் வேண்டும் என்றால் ஆறு தெரியாதவற்றையும் இழுத்துப்போட்டு உட்காருவதற்கு அங்கே நேரமில்லை.

கல்லூரித் தேர்வு வேறு. அங்கே எல்லா எதிர்விசைகளையும் கேட்பார்கள், படிக்குப் படி மதிப்பெண் போடுவார்கள். இந்தக் கோட்டைச் சுற்றி எடுத்தேன், ஆகவே பூஜ்யம் என்று ஒரு வரியில் முடித்தால் திருத்துபவர் கண்ணில் அது தப்பிப் போகலாம். அங்கே வெக்டர் வழியில் முழுசாக எழுதுங்கள். கோட்டு வழியை முதலில் ஓரத்தில் போட்டு, வரப்போகும் விடையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரிடம் விடுவது

ஆறு சமன்பாடுகளை 6 × 6 அணியாக எழுதிவிட்டால் பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகம் ஒரு வரியில் தீர்த்துவிடும். எக்செலிலும் அணியின் நேர்மாறு எடுக்கலாம். அணியை நிரப்புவதும் இயந்திர வேலைதான்: ஒவ்வொரு தெரியாத விசைக்கும் ஒரு நிரல். மேல் மூன்று இடத்தில் அதன் திசை, கீழ் மூன்று இடத்தில் ஓரலகு விசை தரும் மொமெண்ட்.

ஒரே ஒரு கணக்குக்கு இது தேவையில்லாத ஆடம்பரம். காற்று ஒரு பக்கம், மழைநீர் தேங்கிய எடை ஒரு பக்கம், விளக்கு வைத்தும் வைக்காமலும் என்று இருபது சுமை நிலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் கையால் போடுவதுதான் மடத்தனம். அணி ஒன்றுதான், வலப்பக்க நிரல் மட்டும் மாறும்.

ஆனால் அது எண்ணைத் தருமே தவிர, சூத்திரத்தைத் தராது. கொக்கியை எவ்வளவு உயரத்தில் அடிப்பது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ-பி கோட்டைச் சுற்றி எடுத்த அந்த ஒற்றைச் சமன்பாட்டிலேயே பதில் இருக்கிறது: டி என்பது 450-ஐ வடத்தின் நீளத்தால் பெருக்கிக் கொக்கியின் உயரத்தால் வகுத்தது. உயரம் 3 மீட்டர் என்றால் 561 நியூட்டன். 2 மீட்டர் என்றால் 675. 1 மீட்டர் என்றால் 1102. 20 சென்டிமீட்டர் என்றால் 5051. இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றுவதில் பெரிய லாபமில்லை, ஒரு மீட்டருக்குக் கீழே இறக்கினால் ஆபத்து என்பது சூத்திரத்தைப் பார்த்த உடனே புரிந்துவிடுகிறது. கொக்கியைப் பி-க்கு நேர் மேலே, அதே 2 மீட்டர் உயரத்தில் அடித்தால் டி 636 ஆகும். இழுவிசையில் மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் ஏ கீலின் அந்த 225 நியூட்டன் பக்கத் தள்ளல் ஒரேயடியாக இல்லாமல் போகும்.

கொக்கியைக் கீல் மட்டத்துக்கே, அதாவது உயரம் பூஜ்யத்துக்கு இறக்கினால்? ஆறு தெரியாதவை, ஆறு சமன்பாடு, எண்ணிக்கை அப்படியே சரியாக இருக்கும். ஆனால் எல்லா எதிர்விசைகளும் ஏ-பி கோட்டை வெட்டுகின்றன. பலகை கீழே விழுவதைத் தடுக்க எதுவுமில்லை. அணியின் அணிக்கோவை பூஜ்யம். நல்ல வேளையாக இருந்தால் கம்ப்யூட்டர் சிங்குலர் மேட்ரிக்ஸ் (நேர்மாறு எடுக்க முடியாத அணி) என்று திட்டும். தசமத் துல்லியத்தில் எங்கோ கடைசி இலக்கம் பிசகியிருந்தால் திட்டாமல் கோடி கோடியாக ஒரு எண்ணை நீட்டிவிடும். 20 சென்டிமீட்டரிலோ முனகாமல் 5051 என்று சொல்லிவிட்டுப் போய்விடும், அது நல்ல வடிவமைப்பா என்று கேட்காது. ஆகவே அணியைத் தீர்ப்பதற்கு முன்னால், எல்லா எதிர்விசைகளையும் வெட்டும் ஒரு கோடு இருக்கிறதா என்று படத்தில் ஒரு தடவை தேடிவிடுவது அவசியம். அந்தத் தேடலுக்கு மென்பொருள் வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஃப்ரீ பாடி டயகிராம் முடிந்ததும் ஒரு நிமிடம் கோட்டைத் தேடுங்கள். கிடைத்தால் அதிலேயே தொடங்குங்கள். கிடைக்கவில்லை, வடங்கள் கோணல்மாணலாகப் போகின்றன என்றால் வெக்டர். ஷாஃப்ட், கிராங்க் போன்றவை என்றால் இரண்டு தளம். சுமை நிலைகள் பல என்றால் அணி, ஆனால் முதல் நிலையைக் கையால் போட்டு அதோடு ஒப்பிட்ட பிறகு.

எந்த வழியில் போட்டாலும் விடையைச் சரிபார்க்க, கணக்கில் இதுவரை பயன்படுத்தாத ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில், விளக்கு இல்லாத முதல் நிலைக்கு, சி வழியாக நிமிர்ந்து நிற்கும் செங்குத்துக் கோடு நல்லது. வடம் அதை வெட்டுகிறது, எடை அதற்கு இணை, பி-யின் 300 நேராக அதை நோக்கியே போகிறது. மிஞ்சுவது ஏ மட்டும்: 225 × 2 ஒரு பக்கம் சுற்றுகிறது, 150 × 3 மறுபக்கம் சுற்றுகிறது. இரண்டும் 450.